முன் சுழி

காவிரிக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மொட்டைப் பாறை. பாறையின் அடியில் ஒரு மடம். அங்கே சாமி கிடையாது, பூசை கிடையாது, பொங்கல் புளியோதரையும் கிடையாது. ஓதுவதற்கு ஓர் எண் மட்டும் இருந்தது. சாப்பாட்டு ராமன்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

அந்த எண் வந்த விதத்தை மடத்தில் இப்படிச் சொல்வார்கள். மடத்தை உண்டாக்கிய முதல் அம்மையிடம் ஒருநாள் பதினாறு பேர் வந்து சேர்ந்தார்கள். அம்மையோடு பதினேழு பேர். கையில் இருந்ததோ ஒரே ஒரு கருப்பட்டி. ஆளுக்கு எவ்வளவு என்று அம்மை மணலில் வகுத்துப் பார்த்தார். மீதி வந்தது. மீதியைப் பத்து மடங்காக்கி வகுத்தார். மறுபடியும் மீதி. பதினாறு முறை வகுத்த பிறகு முதலில் இருந்த அதே ஒன்று திரும்பி வந்து நின்றது. அம்மை வியந்து மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். கருப்பட்டியை எறும்பு தின்றுவிட்டது.

மணலில் நின்ற பதினாறு இலக்கங்கள் இவை; பூஜ்யத்தை மடத்தில் சுழி என்பார்கள். சுழி, ஐந்து, எட்டு, எட்டு, இரண்டு, மூன்று, ஐந்து, இரண்டு, ஒன்பது, நான்கு, ஒன்று, ஒன்று, ஏழு, ஆறு, நான்கு, ஏழு. சேர்த்துப் படித்தால் ஆறு கோடி கோடிக்குக் கொஞ்சம் குறைவு. படிக்கத்தான் முடியும், எண்ணி முடிக்க ஆயுசு போதாது.

மடத்து முற்றத்தில் பதினாறு கற்கள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. கல்லுக்கு ஒரு சீடர், சீடருக்கு ஓர் இலக்கம். காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்வார்கள். அம்மை ஒன்று முதல் பதினாறுக்குள் ஏதாவது ஒன்றைச் சொல்வார். அத்தனை மடங்காக அந்த எண்ணைப் பெருக்கி, வரும் விடையை ஓத வேண்டும்.

இதில்தான் அதிசயம் இருந்தது. பெருக்கினால் எண் மாற வேண்டும் அல்லவா? இந்த எண் மாறுவதில்லை. அதே பதினாறு இலக்கங்கள், அதே வரிசையில், வேறோர் ஆளிடமிருந்து தொடங்கும். இரண்டு என்றால் பதினோராவது கல்லில் இருப்பவர் தொடங்குவார். பதினாறு என்றால் ஒன்பதாவது கல். தொடங்குகிறவர் யார் என்று தெரிந்தால் போதும், மற்றவர்கள் தங்கள் இலக்கத்தை வரிசையாகச் சொல்லி வட்டத்தைச் சுற்றிவிட்டால் விடை வந்துவிடும். இன்னொரு விந்தையும் உண்டு. எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவரின் இலக்கங்களைக் கூட்டினால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்பது.

இப்போது மடத்தை நடத்தியவர் மெய்யம்மை. வயது நாற்பதைத் தாண்டவில்லை. அதிகம் பேசமாட்டார். சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்களை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

அப்படிக் கூப்பிடப்பட்டவர்களில் ஒருவர் செங்கோடன். வயது ஐம்பத்தைந்து. முப்பது வருஷம் கிணறு வெட்டியவர். கை நடுங்க ஆரம்பித்த பிறகு கடப்பாரையை வைத்துவிட்டுத் தம்பி வீட்டில் இருந்தார். பெண்டாட்டி பிள்ளை இல்லை.

ஒரு மாரியம்மன் நோம்பிக்கு ஊர்ச் சாப்பாடு போட்டார்கள். எத்தனை இலை வேண்டும் என்று வீட்டுக்கு வீடு தலை எண்ணிக்கொண்டு வந்தார்கள். தம்பி மகன் வாசலில் நின்று "அஞ்சு பேரு" என்றான். செங்கோடன் அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். பையன் கெட்டவனில்லை, வேண்டுமென்று விடவும் இல்லை. விரல் விட்டு எண்ணியபோது பெரியப்பன் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட செங்கோடன் தாங்கியிருப்பார். நினைவுக்கு வராமல் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர் மூன்றாம் நாள் இந்த மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்தில் ஒரு கல் காலியாக இருந்தது. அதற்கு உரியவர் காலமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது; அதுவரை அவர் இலக்கத்தை அம்மையே சொல்லிவந்தார். அது முதல் கல். அதன் இலக்கம் சுழி.

செங்கோடன் ஒன்றும் கேட்கவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். கணக்கு அவருக்கு வராது. வாய்ப்பாடு மூன்றோடு நின்றுவிடும். ஆனால் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல், அதைத் தவறாமல் சொன்னார். எப்போதாவது அம்மை "ஒன்று" என்பார். அன்றைக்கு வட்டம் செங்கோடனிடமிருந்து தொடங்கும். கிணற்றுக்குள் நிற்பவனுக்கு மேலிருந்து குரல் கொடுப்பதுபோல் "சுழி" என்பார். அதற்குப் பிறகுதான் மற்றப் பதினைந்து பேரும் வாயைத் திறக்க முடியும். அந்த நாட்களில் அவர் ஒரு பிடி கூடச் சாப்பிடுவார்.

அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தவர் கயிலாசம். முப்பத்தைந்து வயது. இலக்கணமும் கணிதமும் ஒழுங்காகப் படித்தவர். அவருடைய இலக்கம் ஒன்பது. வட்டத்தில் ஐந்து இரண்டு உண்டு, எட்டு இரண்டு உண்டு, ஏழும் இரண்டு உண்டு. ஒன்பது ஒன்றே ஒன்றுதான். கயிலாசம் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலேயே எல்லோருக்கும் தெரியும்படி உட்கார்ந்திருப்பார்.

செங்கோடன் வந்த மூன்றாவது வருஷம் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து, மடத்து எண்ணைப் பாறையில் வெட்டி வைக்க ஆசைப்படுவதாகச் சொன்னார்கள். உங்கள் இஷ்டம் என்றார் அம்மை. நாட்ராயன் என்ற கல்தச்சர் உளியோடு வந்தார். எண்ணைச் சொல்லும் பொறுப்பு கயிலாசத்துக்கு.

நாட்ராயன் பாறையைக் கழுவி, கரிக்கட்டியைக் கையில் எடுத்து, சொல்லுங்கள் என்றார். கயிலாசம் "சுழி" என்று ஆரம்பித்தார்.

தமிழ் எழுதுகிறவனிடம் எடுத்த எடுப்பில் சுழி என்றால் அவன் எந்தச் சுழியைப் போடுவான்? நாட்ராயன் பக்தியோடு ஒரு பிள்ளையார் சுழியைப் போட்டார். சாமி இல்லாத மடத்திலும் இந்த மட்டுக்காவது இருக்கிறதே என்று அவருக்குச் சந்தோஷம். பிறகு ஐந்து, எட்டு, எட்டு என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனார்.

வெட்டி முடித்த பிறகுதான் கயிலாசம் வந்து பார்த்தார். மேலே அழகாக ஒரு பிள்ளையார் சுழி. கீழே பதினைந்து இலக்கங்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது. நாட்ராயன் பதறிப்போனார். கயிலாசம் அவரைச் சமாதானப்படுத்தினார். எண்ணுக்கு முன்னால் நிற்கும் சுழிக்கு மதிப்பில்லை, அதை எழுதினாலும் எழுதாவிட்டாலும் எண் ஒன்றுதான், படித்தவர்கள் யாரும் எழுதுவதில்லை, இப்படியே இருக்கட்டும் என்றார். கணக்குப்படி அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

சாயங்காலம் செங்கோடன் பாறைக்குப் போனார். இலக்கங்களைப் படிக்க மடத்தில்தான் கற்றுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக விரலை வைத்து எண்ணினார். பதினைந்து. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுமுனையிலிருந்து எண்ணினார். பதினைந்துதான்.

கயிலாசம் பக்கத்தில் வந்து நின்றார். மறைக்கிற ஆள் இல்லை அவர்.

"அண்ணா, மனசுல வெச்சுக்காதீங்க. முன்னால வர்ற சுழிக்கு மதிப்பு கெடையாது. நூறு சுழி போட்டாலும் அஞ்சு அஞ்சுதானுங்க."

செங்கோடன் சரிங்க என்றார். வேறு என்ன சொல்வார்? விருந்து எண்ணிக்கையில் விட்டவன் தம்பி மகன், சின்னப் பையன். இது கல்லில் வெட்டியாகிவிட்டது.

அம்மை முற்றத்தில் கொள்ளில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். செங்கோடன் எதிரே போய் உட்கார்ந்தார்.

"ஏனுங்கம்மா, என்ற எலக்கத்துக்கு மதிப்பு என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்ணா."

செங்கோடன் இதை எதிர்பார்க்கவில்லை. அம்மையாவது வேறு மாதிரி சொல்வார் என்றுதான் வந்திருந்தார்.

"அப்ப நான் போறனுங்க."

"எங்க போவீங்க?"

"தெரியலீங்க."

அம்மை ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார்.

"சரிங்ணா. நாளைக்குக் காத்தால ஓதி முடியற வரைக்கும் மட்டும் இருங்க. வட்டத்துல ஒக்கார வேண்டாம். பாற மேல ஒக்காந்து பாருங்க. அப்பறம் போங்க."

போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று செங்கோடன் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். அம்மை கொள்ளில்தான் கவனமாக இருந்தார்.

மறுநாள் காலையில் ஊர்க்காரர்கள் சிலர் பாறையைப் பார்க்க வந்திருந்தார்கள். நாட்ராயனும் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்திருந்தார். வேலை செய்தவனுக்கு அதை நாலு பேர் பார்ப்பதைப் பார்க்க வேண்டுமே. பதினைந்து பேர் வட்டத்தில் உட்கார்ந்தார்கள். முதல் கல் காலியாக இருந்தது. செங்கோடன் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்திருந்தார்.

அம்மை வந்தார். காலிக் கல்லைப் பார்த்தார்.

"ஒண்ணு" என்றார்.

ஒருகணம் தயக்கம். பிறகு இரண்டாவது கல்லில் இருந்தவர் "அஞ்சு" என்று தொடங்கினார். எட்டு, எட்டு, இரண்டு என்று குரல் வட்டத்தைச் சுற்றி ஓடியது. கடைசி ஏழு வரைக்கும் தடங்கல் இல்லை. பாறையில் இருந்தபடியே வந்தது. ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள். நாட்ராயனுக்குப் பெருமை.

செங்கோடன் மேலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஓர் இடத்திலும் இடறவில்லை. தான் இல்லாமல் கொஞ்சமாவது தடுமாறுவார்கள் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது அவருக்கு. அது எத்தனை பெரிய ஆசை என்று இப்போதுதான் தெரிந்தது. எழுந்தார். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு" என்றார் அம்மை.

சீடர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரே நாளில் இரண்டு முறை ஓதும் வழக்கம் கிடையாது. செங்கோடனும் நின்றார்.

பதினோராவது கல் தொடங்கியது. ஒன்று, ஒன்று, ஏழு, ஆறு, நான்கு, ஏழு. அடுத்தவர் ஐந்து என்றார். குரல் மறுபடி வட்டத்தைச் சுற்றி வந்து நான்கில் முடிந்தது. கேட்பதற்கு ஒழுங்காகவே இருந்தது.

ஊர்க்காரர்களில் ஒருவர், பாறையில் இருப்பதை இரண்டால் பெருக்கி இந்த விடை வருகிறதா என்று பார்க்கலாமா என்று கேட்டார். சந்தேகப்பட்டு அல்ல, ஆசையாகத்தான். கயிலாசம் எழுந்தார். பாறையைப் பார்த்துக்கொண்டே மணலில் எழுதி, கடைசியிலிருந்து பெருக்கினார். அவர் கை வேகம் பார்க்க நன்றாக இருக்கும்.

பெருக்கி முடித்துப் பார்த்தார். பதினாறு இலக்கங்கள் நின்றன. ஓதியது பதினைந்து.

கையால் மணலைச் சமப்படுத்திவிட்டு இன்னொரு முறை போட்டார். அதே பதினாறு. மூன்றாம் முறை போட்டபோது நெற்றியில் வேர்த்தது. யார் விட்டீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். அவரவர் தங்கள் இலக்கத்தைச் சொன்னார்கள். ஒருவரும் விடவில்லை. ஐந்துக்காரருக்கும் ஏழுக்காரருக்கும் சின்ன வாக்குவாதம்கூட வந்தது. எண்ணை ஓதி ஞானம் தேடுகிற இடத்தில் சந்தைக்கடைச் சத்தம்.

"மணல்ல இருக்கறதும் ஓதுனதும் எங்க மாறுது?" என்று கேட்டார் அம்மை.

கயிலாசம் குனிந்து பார்த்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"ஏழுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஒரு சுழி இருக்குதுங்கம்மா."

"முன்னால வர்ற சுழிங்களா?"

"ஆமாங்க."

"அது நடுவுல எப்படி வந்துச்சு?"

பதினைந்து பேரும் காலிக் கல்லைப் பார்த்தார்கள். அதன் ஒரு பக்கத்தில் ஏழு உட்கார்ந்திருந்தார், மறுபக்கத்தில் ஐந்து.

நாட்ராயன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பாறையில் ஐந்துக்கு முன்னால் இனி இடமில்லையே என்று அவருக்குக் கவலை. முற்றத்துக் கல்லைப் போல இதையும் வட்டமாக வெட்டச் சொல்லியிருந்தால் முன் பின் என்ற பேச்சே வந்திருக்காது என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார்.

கயிலாசம் பாறை மேல் ஏறினார். அவருக்கு ஏறிப் பழக்கமில்லை. வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கையையும் ஊன்றி ஏற வேண்டியிருந்தது. செங்கோடனுக்கு முன்னால் போய் நின்றார். மூச்சு வாங்கியது.

"அண்ணா, தப்பு பண்ணிட்டனுங்க. கீழ வாங்க."

செங்கோடன் இறங்கி வந்தார். ஆனால் கல்லில் உட்காரவில்லை. வட்டத்துக்கு வெளியே மூட்டையோடு நின்றார். முகத்தில் சந்தோஷம் இல்லை. கிணறு வெட்டுகிறவர் அவர், மேல் மண்ணில் வரும் ஈரத்தைப் பார்த்து ஏமாறமாட்டார்.

"அம்மா, ரெண்டுன்னா நான் வேணும். ஒண்ணுன்னா வேண்டாம். கணக்கு ஒதைக்கறப்ப கூப்புடறது, ஒத்துப்போச்சுன்னா கறிவேப்பலையாட்ட எடுத்துப் போடறது. அப்ப நான் வேணுங்கற ஆளுங்களா, வேண்டாத ஆளுங்களா?"

கயிலாசம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் படித்த கணக்கில் இந்தக் கேள்வி வந்ததில்லை.

அம்மை முதல் கல்லைக் காட்டினார்.

"ஒருக்கா ஒக்காருங்ணா. கேட்டதுக்குப் பதில் வரலீன்னா எந்திரிச்சுப் போங்க."

செங்கோடன் மூட்டையை இறக்காமலே உட்கார்ந்தார்.

"பதினேழு" என்றார் அம்மை.

சீடர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மடம் உண்டான நாளிலிருந்து பதினேழை யாரும் சொன்னதில்லை. பதினாறு கற்கள், பதினாறு தொடக்கங்கள். பதினேழுக்கு யார் தொடங்குவது? ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் கயிலாசத்தைப் பார்த்தார்கள். அவர் மணலுக்குப் போனார்.

இந்த முறை எண்ணைச் சுழியோடு எழுதினார். ஏழிலிருந்து பெருக்கிக்கொண்டு வந்தார். கடைசி இடத்தில் ஒன்பது வந்தது. அதற்கு முந்தின இடத்திலும் ஒன்பது. அதற்கும் முந்தின இடத்தில் ஒன்பது. பாதி தூரம் வந்தபோது அவர் கை மெதுவானது. முதல் இடத்துக்கு வந்தபோது, தான் எழுதியதை நம்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க" என்றார் அம்மை.

"எல்லாம் ஒம்பதுங்கம்மா. பதினாறும்."

"மொதல் கல்லு?"

"அதுவும் ஒம்பதுதானுங்க."

தொடங்குவது யார் என்ற கேள்விக்கு இடமில்லை. யார் தொடங்கினாலும் ஒன்றுதான். அம்மை செங்கோடனைப் பார்த்தார்.

செங்கோடன் வாயைத் திறந்தார். மூன்று வருஷமாக ஒரே சொல்லைச் சொல்லிப் பழகிய நாக்கு. முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு "ஒம்பது" என்றார். சொல்லி முடித்ததும் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. அடுத்தவர் ஒன்பது என்றார். அதற்கு அடுத்தவரும். பதினாறு ஒன்பதுகள் வட்டத்தைச் சுற்றி வந்தன. சீடர்கள் சிலருக்குச் சிரிப்புப் பொங்கியது. இத்தனை நாள் வெறும் ஒன்றாகவே இருந்த ஒன்றுக்காரர்கள் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். கயிலாசம் மட்டும் தன் முறை வந்தபோது மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னது வழக்கமாகச் சொல்வதுதான். ஆனால் இன்றைக்கு அது எல்லோரிடமும் இருந்தது.

செங்கோடன் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். அவர் கேட்டதற்கு இதுதான் பதில் என்று நினைத்தார். அப்படி நினைத்ததில் தப்பில்லை. ஒன்பது என்று ஒருமுறையாவது சொல்லிவிட்டோம், இது போதும் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

அம்மை குனிந்து தரையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தார். கடைசிக் கல்லில் இருந்த ஏழுக்காரரின் கையில் கொடுத்தார்.

"இது ஒண்ணு. ஒம்பதோட கூட்டுங்க."

"பத்துங்க."

"ஒரு எடத்துல பத்து நிக்குங்களா?"

"நிக்காதுங்க. சுழி போட்டுட்டு ஒண்ண அடுத்த எடத்துக்குக் குடுத்தரோணும்."

"குடுங்க."

ஏழுக்காரர் "சுழி" என்று சொல்லிவிட்டுக் கூழாங்கல்லைப் பக்கத்தில் இருந்த நான்குக்காரரிடம் கொடுத்தார். அவரும் கூட்டிப் பார்த்தார், சுழி என்றார், கல்லை நகர்த்தினார். ஆறு, ஏழு, ஒன்று, ஒன்று, நான்கு என்று கூழாங்கல் கை மாறிக்கொண்டே போனது. அது போன இடமெல்லாம் சுழி. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

கயிலாசத்தின் கைக்கு வந்தது. அவர் அதை உடனே கொடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் கையை நீட்டிக் காத்திருந்தார். கயிலாசம் பெருமூச்சு விட்டு, யாருக்கும் கேட்காத குரலில் "சுழி" என்றார். கேட்கவில்லை என்றார் அம்மை. இரண்டாம் முறை கேட்கும்படி சொல்லிவிட்டுக் கல்லைக் கொடுத்தார்.

இரண்டு, ஐந்து, மூன்று, இரண்டு, எட்டு, எட்டு, ஐந்து. கூழாங்கல் செங்கோடனிடம் வந்து நின்றது.

இப்போதுதான் கிடைத்த ஒன்பது. ஒரு நாழிகைகூட ஆகவில்லை. மற்றவர்கள் அவரையே பார்த்தார்கள், கொடுக்க மனசு வருமா என்று. செங்கோடன் கல்லை வாங்கிய வேகத்தில் "சுழி" என்றார். பழைய குரல், கிணற்றுக்குள் கேட்கிற குரல். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்தச் சொல் இன்றைக்கு நெஞ்சைக் குத்தவில்லை.

கல்லை யாரிடம் கொடுப்பது? அவருக்கு முன்னால் யாரும் இல்லை. அம்மையைப் பார்த்தார்.

"உங்களுக்கு முன்னால வைங்ணா."

வைத்தார்.

அம்மை கயிலாசத்தை மணலில் எழுதிப் படிக்கச் சொன்னார். ஒன்று போட்டுப் பக்கத்தில் பதினாறு சுழிகள். கயிலாசம் இடம் எண்ணிப் பார்த்தார். நூறு கோடி கோடி. அந்த முற்றத்தில் அதுவரைக்கும் யாரும் அவ்வளவு பெரிய எண்ணை ஓதியதில்லை. ஊர்க்காரர்கள் வாயில் விரலை வைத்தார்கள்.

ஆனால் கயிலாசத்தின் கண் எண்ணில் இல்லை. வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒன்று, கூழாங்கல்லாகத் தரையில் இருந்தது. கல்லில் உட்கார்ந்த பதினாறு பேரும் சுழி. அவரும்தான். சின்ன வயதிலிருந்து அவருக்கு ஏதாவது ஒரு மதிப்பு இருந்துகொண்டே இருந்தது. முதல்முறையாக ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை அவருக்கு.

"அம்மா," என்றார். கேலி இல்லை, வாதம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "வெறும் சுழியா எப்படிங்க ஒக்காந்திருக்கறது?"

அம்மை எழுந்தார்.

"செங்கோடண்ணனக் கேளுங்க. அவருக்குத்தான் பழக்கம்."